லிஸ்ட் பாக்ஸில் வராத செபமாலை

"அம்புட்டு வயசா ஆச்சு எனக்கு?"

பிரிண்டரிலிருந்து கிழித்துக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அக்கா இப்படித்தான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கடைக் கண்ணாடியில் தன் முகத்தை எதிர்பாராமல் பார்த்துவிட்டவர் போல லேசாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

திண்டுக்கல்லில் ஒரு மாதா கோயிலின் அலுவலக அறை அது. காலை பதினோரு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம். உள்ளே, அட்டை விட்டுப்போன பழைய பதிவேடுகளிலிருந்து எழும் நாப்தலீன் வாடை. மேசைமேல் துணி உறை கழற்றிய கம்ப்யூட்டர். அதன் முன்னால் நான்.

"ரிஜிஸ்தர்ல அப்படித்தாங்க்கா இருக்கு" என்றேன். "கம்ப்யூட்டர் தப்பாக் காட்டாது."

அந்த அக்கா தாளை இன்னொரு முறை பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு அதை நான்காக மடித்து, ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"சரி தாயி, வாரேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு செத்த நேரம் அப்படியே நின்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

கோயிலுக்குள் வந்த கம்ப்யூட்டர்

போன வாரம் எழுதியிருந்த அந்த மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில்தான் நான் அப்போதும் வேலை பார்த்தேன். பகலில் பிள்ளைகளுக்கு விஷுவல் பேசிக் சொல்லிக்கொடுப்பேன். ஊருக்குள் யாராவது "எங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதித் தரணும்" என்று வந்தால் அதுவும் என் தலையில்தான் விழும். அரிசி ஆலைக்கு எழுதியிருக்கிறேன். ஒரு பல் டாக்டருக்கும் எழுதியிருக்கிறேன். கோயிலுக்கு எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

அந்தக் கோயிலின் பங்குத் தந்தை பெயர் அருளப்பன். ஒல்லியான மனிதர். அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு தானே ரேடியோவையும் மின்விசிறியையும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். கோயிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததும் சென்டருக்கு வந்துவிட்டார்.

"ஞானஸ்நானப் பதிவேடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்மா. கல்யாணம்னா சர்டிபிகேட் கேக்குறாங்க, பாஸ்போர்ட்டுன்னா கேக்குறாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் அரை நாள் பக்கம் புரட்ட வேண்டியிருக்கு."

எங்கள் வீட்டில் மாரியம்மன் காலண்டர்தான் தொங்கும். அப்பாவுக்குப் புகையிலைக் கிட்டங்கியில் வேலை. மாதா கோயிலுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. திருவிழாவின்போது சீரியல் பல்பு பார்க்க வெளிவாசல்வரை போனதோடு சரி. அப்படிப்பட்ட நான், அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற அத்தனை குழந்தைகளின் பெயரையும் டைப் அடிக்க உட்கார்ந்தேன். துணைக்குச் சென்டரில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி.

பழைய பதிவேடுகள் லத்தீனில் இருந்தன. நம்ம ஊர் இன்னாசிமுத்து அதில் வேறு யாரோ வெளிநாட்டுக்காரர் மாதிரி இருப்பார். ஃபாதர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் அடித்தோம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, அப்பா, அம்மா, ஞானத்தாய், ஞானத்தகப்பன். பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் வேறு என்னென்னவோ எழுதியிருக்கும். அதை விட்டுவிட்டோம். யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆரோக்கியசாமியைத் தவிர யாருமில்லை

பெயர்களை ஏற்றி முடித்ததும் தேடுவதற்கு ஒரு திரை வரைந்தேன். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று மூன்று கட்டங்கள். கீழே 'தேடு' என்று ஒரு பொத்தான். அதற்கும் கீழே என் செல்லமான லிஸ்ட் பாக்ஸ்.

பெரிய விஷயமெல்லாம் இல்லை, ஒரு வெள்ளைக் கட்டம்தான். தரவுத்தளத்திடம் நாம் ஒரு கேள்வி கேட்டால், பொருந்தி வரும் பெயர்களை அது ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தக் கட்டத்தில் அடுக்கிக் காட்டும். வேண்டிய பெயரை மவுசால் தொட்டால் அது நீலமாகும். இரண்டு தட்டுத் தட்டினால் சர்டிபிகேட் அச்சாகும். இன்றைக்குக் கைபேசியில் எதையெதையோ தேடுகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அப்போது, காலியான வெள்ளைக் கட்டத்தில் பெயர்கள் சரசரவென்று வந்து விழுவதைப் பார்ப்பதே ஒரு பரவசம்.

முதல் முறை விழுந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பதிவைப் படி, பெயரை லிஸ்ட் பாக்ஸில் சேர், அடுத்த பதிவுக்கு நகர். இவ்வளவுதான் நிரல். அந்த மூன்றாவது வரியை எழுத மறந்துவிட்டேன். ஃபாதரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெருமையோடு 'தேடு' பொத்தானை அழுத்தினேன். ஆரோக்கியசாமி வந்தார். மறுபடியும் ஆரோக்கியசாமி. கம்ப்யூட்டர் உறைந்துபோய், மேலிருந்து கீழ்வரை ஆரோக்கியசாமிகளாக நின்றது.

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா கோமதி, நம்ம பங்கு ஜனத்துல ஆரோக்கியசாமியத் தவிர வேற யாருமே இல்லையா?"

அதைச் சரிசெய்தேன். அடுத்த நாள் எழுத்துரு காலை வாரியது. அப்போதெல்லாம் தமிழுக்கென்று தனி எழுத்துருவைப் பொருத்த வேண்டும். லிஸ்ட் பாக்ஸுக்கு அதைச் சொல்ல மறந்ததால் பெயர்களெல்லாம் கொம்பும் புள்ளியுமாகக் கிறுக்கலாக வந்தன. "லத்தீன்ல இருந்து தப்பிச்சோம்னு பார்த்தா, இது என்னம்மா பாஷை?" என்றார். இப்போது அந்த அறையை நினைத்தாலே முதலில் காதில் விழுவது அவருடைய சிரிப்புதான்.

ஒரே ஒரு சொல்

மூன்றாவதாக ஒரு சிக்கல் வந்தது. சில பெயர்கள் லிஸ்ட் பாக்ஸில் இரண்டு முறை வந்தன. காரணம் எனக்குத் தெரியும். சில பக்கங்களை நானும் அடித்திருந்தேன், தோழியும் அடித்திருந்தாள். யார் எதுவரை அடித்தோம் என்று குறித்துவைக்காததால் வந்த வினை.

சரியான வழி என்ன? இரட்டையாக வரும் ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒன்றை அழிக்க வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும். இதைவிடச் சுலபமாக ஒரு வழி என்னிடம் இருந்தது. தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில் 'டிஸ்டிங்க்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஒரே மாதிரி வரிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றை மட்டும் காட்டு என்று அதற்கு அர்த்தம்.

சேர்த்தேன். பெயர், அப்பா, அம்மா மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே வரிதான் வரும். பிறந்த தேதியை லிஸ்ட் பாக்ஸில் காட்டவில்லை. கட்டம் அகலமாகி அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சர்டிபிகேட் அடிக்கும்போது, அந்தப் பெயரில் முதலில் கிடைக்கும் பதிவை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன்.

ஒரே சொல்லில் வேலை முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில், எனக்கு நானே பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பேரு சரிதான், ஆளு வேற

இந்தத் திரைக்கு முன்னால்தான் அந்த அக்கா வந்து நின்றார். பெயர் செபமாலை மேரி. சேவுகம்பட்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்காரர் மரம் ஏறும்போது விழுந்து, இடுப்பு சரியில்லாமல் படுத்திருந்தார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஒரு வேலை காலியாக இருந்தது. அதற்கு மனுப் போட வயதுச் சான்று வேண்டும். அவருடைய டி.சி.யில் பிறந்த தேதி இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. மாதா கோயில் சர்டிபிகேட் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வயது வரம்பும் இருந்தது. தனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இடம் இருக்கிறது என்று நம்பித்தான் அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

நான் அடித்துக் கொடுத்த சர்டிபிகேட்டின்படி அவர் வரம்பைத் தாண்டிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வந்ததும் இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருந்தார். அதையெல்லாம் கேட்ட பிறகும்தான், கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டாது என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவர் மறுபடியும் வந்தார். கூடவே அவருடைய அம்மா சவரியம்மாள். குள்ளமான உருவம். வெயிலில் நடந்து வந்த வேகத்தில் முகம் சிவந்திருந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஃபாதரின் மேசைக்குப் போனார்.

"தோத்திரம் சாமி. இந்தச் சீட்டைக் குடுத்தது யாரு?"

"நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன். என்ன விசயம்?"

"இது இவ சீட்டு இல்ல சாமி."

நான் எழுந்துபோய்த் தாளைப் பார்த்தேன். "பேரு, அப்பா பேரு, ஒங்க பேரு, எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு?"

"பேரு சரிதான் தாயி. ஆளு வேற."

எனக்குப் புரியவில்லை. ஃபாதருக்கும் புரியவில்லை. மகள்தான் சொன்னார். "வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன் சாமி. பொறந்தது டிசம்பர்னு சொன்னதும் இதுக்கு முகமே மாறிப்போச்சு. விடிஞ்சதும் கெளம்புன்னு இழுத்துக்கிட்டு வந்திருச்சு. பஸ்ல வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல."

சவரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ பொறந்தது சித்திரையில சாமி. மாங்கா சீசன். அந்த டிசம்பர்ல பொறந்தது இவளுக்கு மூத்தது."

"மூத்ததா?" என்றார் மகள். "நான்தானம்மா மூத்தவ?"

"நீ ரெண்டாவது, ஆத்தா."

அதற்கப்புறம் அவர் ஃபாதரைப் பார்த்துப் பேசவில்லை. மகளைப் பார்த்தும் பேசவில்லை. என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப நாங்க இங்கன டவுன்லதான் குடியிருந்தோம். ஒரு வருசமும் கொஞ்ச நாளும் இருந்தா. நல்லா நடந்தா. அம்மை போட்டுச்சு. ஒரு வாரந்தான். அதுக்கப்புறம் நீ வயித்துல வந்ததும் ஒங்கப்பா சொன்னாரு, பொம்பளப் புள்ளையாப் பொறந்தா அதே பேர வைப்போம்னு. அந்தப் பேரக் கூப்பிடாம வீடு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா."

"ஒன்னையக் கூப்பிடும்போதெல்லாம் அவளையும் சேத்துத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அது தெரிஞ்சா ஒனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும்ல."

மகள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

இரண்டு வரிகள்

ஃபாதர் தானே எழுந்து பீரோவைத் திறந்து இரண்டு வருடத்துப் பதிவேடுகளை எடுத்தார். டிசம்பரில் பிறந்த செபமாலை மேரியின் பெயருக்கு நேரே, பக்கத்தின் ஓரத்தில், ஒரு சிறிய சிலுவைக் குறியும் இறந்த தேதியும் இருந்தன. சித்திரையில் பிறந்த செபமாலை மேரிக்கு நேரே அவருடைய கல்யாணத் தேதி இருந்தது. எல்லாம் பொடி எழுத்தில். எல்லாம் நாங்கள் டைப் அடிக்காமல் விட்ட ஓரத்தில்.

"ஓரத்துல இருக்கறத ஏத்தலையாம்மா?"

"இல்ல ஃபாதர்" என்றேன். "அது மட்டுமில்ல. ரெண்டு செபமாலையும் கம்ப்யூட்டர்ல இருக்காங்க. ஒரே பேரு ரெண்டு தடவ வர வேணாம்னு நான்தான் ஒண்ண மறைச்சுட்டேன்."

சொல்லிவிட்டு நிரலைத் திறந்தேன். அந்த ஒரு சொல்லை அழித்தேன். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியும் வரும்படி எழுதினேன். தட்டிய வரியின் பதிவே அச்சாகும்படியும் மாற்றினேன். ஐந்து நிமிட வேலைதான். முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம். 'தேடு' பொத்தானை அழுத்தினேன்.

லிஸ்ட் பாக்ஸில் இரண்டு வரிகள் வந்து விழுந்தன.

செபமாலை மேரி.
செபமாலை மேரி.

தேதிகள் மட்டும் வேறு வேறு. சவரியம்மாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது. அவருக்கு எழுத்து தெரியாது. தோளுக்கு மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இதுல எது அவ?"

மேல் வரியைத் தொட்டேன். அது நீலமானது. அவர் கையை நீட்டி, திரைக் கண்ணாடிமேல், அந்த நீலத்தின்மேல் விரலை வைத்தார். பழைய திரைகளில் தொட்டால் பொறி தட்டுவதுபோல் 'சட்' என்று ஒரு சத்தம் வரும். வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

கீழ் வரியைத் தட்டிச் சரியான சர்டிபிகேட்டை அச்சடித்தேன். ஃபாதர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். மகளிடம் நீட்டினார். பிறகு மேசைமேல் கிடந்த பழைய தாளை எடுத்தார். தவறாகக் கொடுத்த சான்றிதழ் வெளியே இருக்கக் கூடாது என்பது முறை. கிழிப்பதற்காக இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"கிழிச்சிராதீங்க சாமி" என்றார் சவரியம்மாள்.

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது தப்பான சீட்டு இல்ல. அது அவளோடது. அவளுக்குன்னு எங்கிட்ட ஒரு போட்டாகூடக் கெடையாது."

ஃபாதர் தாளை மேசைமேல் வைத்தார். மடிப்பு விழுந்திருந்த இடங்களை உள்ளங்கையால் நீவிவிட்டார். பேனாவை எடுத்து, கீழே ஓரத்தில் அந்தச் சிறிய சிலுவையைப் போட்டு, இறந்த தேதியை எழுதினார். ஒரு கவரில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு ஃபாதர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திறந்து கிடந்த பதிவேடுகளை மூடிக்கொண்டே கேட்டார்.

"இன்னும் எத்தன பேருக்கு இப்படிக் குடுத்திருப்போம்மா?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. சென்டரில் வேலை முடிந்ததும் கோயிலுக்குப் போய், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தையும் படித்து ஏற்றினேன். இரட்டைப் பெயர்கள் ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். பெரும்பாலானவை எங்கள் கைத்தவறுதான், அவற்றை அழித்தேன். ஆனால் வேறு சில வீடுகளிலும், போன பிள்ளையின் பெயரை வந்த பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். அந்த வரிகளுக்கு முன்னால் வரும்போதெல்லாம் என் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது.

கல்லறைத் திருநாள்

செபமாலை அக்கா அன்றைக்கு மத்தியானமே மனுவைக் கொடுத்துவிட்டார். வேலை கிடைத்தது. அதைச் சொல்ல, ஒரு பை நிறைய அவரைக்காய் பறித்துக்கொண்டு வந்தார். ஃபாதருக்குப் பாதி, எனக்குப் பாதி.

அதற்கடுத்த நவம்பரில் நான் ஏதோ பிரிண்டர் கோளாறு பார்க்கக் கோயில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள். இறந்தவர்களுக்காகப் பூசையில் வாசிக்க, குடும்பம் குடும்பமாக வந்து பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபாதருக்கு உதவியாக உபதேசியார் ஒருவர் புதிதாக வந்திருந்தார். மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வரிசையில் செபமாலை அக்கா நின்றார். நீலக்கரை போட்ட புதுச் சேலை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஒங்க பேரு சொல்லுங்கம்மா" என்றார் உபதேசியார்.

"செபமாலை மேரி."

எழுதிக்கொண்டார். "யாருக்காகப் பூசை?"

"செபமாலை மேரிக்கு."

அவர் பேனாவை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "அது நீங்கதானேம்மா? செத்தவங்க பேர மட்டுந்தான் இதுல எழுதணும்."

அக்காவுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவர் அவசரப்படவில்லை. குனிந்து, எழுதிய தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, விரலால் அடுத்த வரியைக் காட்டினார்.

"ரெண்டு வரியாவே எழுதுங்க உபதேசியாரே" என்றார். "அது எங்க அக்கா."